டவுன்பைப் மாற்றிய காரில் வெப்பம் போன வழி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நீண்ட மலைச்சாலையை ஏறி முடித்து வண்டியை ஓரமாக நிறுத்தியபோது பானட்டின் பின்விளிம்பிலிருந்து வெண்புகை எழுந்ததாகவும், ரப்பர் கருகும் வாடை வண்டிக்குள்ளேயே அடித்ததாகவும் சொல்லி, உரிமையாளர் அந்தக் காரை இழுவை வண்டியில் ஏற்றி எங்கள் பணிமனைக்கு அனுப்பியிருந்தார். 2 லிட்டர் கொள்ளளவும் 4 சிலிண்டரும் கொண்ட பெட்ரோல் என்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கும் முன்சக்கர இயக்க வண்டி அது. புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போசார்ஜர், என்ஜினுக்கும் பயணிகள் அறையைப் பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலுக்கும் நடுவே, கை நுழையவே சிரமப்படும் இடத்தில் இருக்கிறது. வயது 11 ஆண்டுகள். ஓடிய தூரம் ஏறத்தாழ 1,38,000 கிலோமீட்டர். ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு பணிமனையில் டவுன்பைப்பை, அதாவது டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயை, மாற்றியிருந்தார்கள். அதுவரை வெப்பம் தொடர்பாக எந்தப் புகாரும் அந்த வண்டியில் எழுந்ததில்லை.

குழாயை மாற்றியதில் தவறு ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய குழாயின் நெளிகுழல் பகுதியில், அதாவது பெல்லோஸில், கம்பிப் பின்னல் கிழிந்து, குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதெல்லாம் புகை கசியும் தட்டல் ஓசை கேட்டிருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் இருந்த தேன்கூட்டுப் பீங்கானும் ஒரு பக்கம் உருகி உடைந்திருந்தது. ஸ்கேனரில், கன்வெர்ட்டர் சரிவர வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற கோடு பதிவாகியிருந்தது. ஓர் இக்னிஷன் காயில் பழுதாகி, ஒரு சிலிண்டர் சரிவரப் பற்றாமல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரிந்ததே இதற்குக் காரணம். காயிலை மாற்றிவிட்டு, குழாயையும் மாற்ற முடிவுசெய்தபோது, உரிமையாளர் தொழிற்சாலைக் குழாயின் 60 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பதிலாக 76 மில்லிமீட்டர் விட்டமுள்ள 304 வகைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைத் தேர்ந்தெடுத்தார். அதில் சதுர அங்குலத்துக்கு 200 அறைகள் கொண்ட உலோகத் தேன்கூட்டுக் கன்வெர்ட்டர் இருந்தது.

டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறும் புகை முதலில் நுழையும் குழாயே டவுன்பைப். டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எனவே பின்பக்க அழுத்தம் குறையக் குறைய டர்போ விரைவாக வேகமெடுக்கும். 60-லிருந்து 76 மில்லிமீட்டருக்குப் போனால் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 1.6 மடங்காகிறது. இந்தப் பலனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் முழுச் சுமையில் பெட்ரோல் டர்போ என்ஜினின் புகை 850 டிகிரி செல்சியஸைத் தாண்டி டர்பைனுக்குள் நுழைகிறது. டர்பைன் அதில் நூறு டிகிரி அளவுக்கோ சற்று மேலாகவோ உறிஞ்சிக்கொண்டாலும், மீதி வெப்பம் அப்படியே டவுன்பைப்புக்கு வந்து சேர்கிறது. அந்த வெப்பம் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் குழாயோடு சேர்த்துத்தான் வகுத்திருக்கிறார்கள். குழாய், அதைச் சுற்றிய கவசங்கள், அவற்றுக்கு நடுவே விட்ட காற்றிடைவெளி, கீழிருந்து மேலே காற்று ஏறும் பாதை ஆகிய நான்கும் சேர்ந்ததே ஓர் உறுப்பு. இந்த வண்டியில் நான்கில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

பிரித்தபோது கண்டவை

வண்டியைத் தூக்கியில் ஏற்றி அடியிலிருந்து விளக்கடித்ததுமே புகைக்கான காரணம் தெரிந்துவிட்டது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் வலது ஆக்சிலின் உட்புற ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளிருந்த கருநிற கிரீஸ் சுழற்சியில் தெறித்து, டவுன்பைப்பைச் சுற்றியிருந்த ஹீட் ராப்பில், அதாவது வெப்பம் தடுக்கும் கண்ணாடியிழைத் துணிப்பட்டையில், ஊறிப்போயிருந்தது. பூட்டின் மடிப்பு ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்தால் விரலுக்கு அமுங்கி எழும்பும் ரப்பர், காய்ந்த சருகைப்போல் முறிந்து கையோடு வந்தது. முறிந்த விளிம்பின் உட்புறம் இன்னும் கறுப்பாக, மென்மையாக இருக்க, வெளிப்புறத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சாம்பல் பூத்திருந்தது. வயதால் கெட்ட ரப்பர் இப்படி இருக்காது. வெளியிலிருந்து வந்த கதிர்வீச்சு வெப்பம் மேல்தோலை மட்டும் வறுத்ததன் அடையாளம் இது.

அதே வரிசையில் மேலும் மூன்று சேதங்கள் இருந்தன. முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்கின் உறை இறுகியிருந்தது, கிழியவில்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வயர், குழாயில் சென்சார் திருகும் இடம் பழைய இடத்திலிருந்து தள்ளி அமைந்திருந்ததால் நாண்போல் இழுபட்டு ராப்பின்மீது உரசிக்கொண்டிருந்தது. அதன் மேலுறை உருகி இரண்டு கம்பிகள் தெரிந்தன. டர்பைன் வாயில் குழாயைப் பிடித்திருக்கும் வி-பேண்ட் கிளாம்பின் கீழ்ப்பாதியில் கரிக்கோடு ஒன்று வழிந்திருந்தது. கிளாம்பின் நட்டை ரெஞ்சால் தொட்டதும் தளர்ந்து சுழன்றது.

கிரீஸ் ஊறிய ராப்பை அன்றே அறுத்தெடுத்தோம். எண்ணெயோ கிரீஸோ உறிஞ்சிய இழைத்துணி விளக்குத்திரிபோல் வேலை செய்யும். பரந்த மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் பரவிய எண்ணெய், கிண்ணத்தில் இருக்கும் எண்ணெயைவிட எளிதாகத் தீப்பிடிக்கும். வெண்புகையோடு நின்றது அந்த உரிமையாளரின் நல்ல நேரம் என்றே நினைக்கிறேன். ராப்பைப் பிரித்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. பெல்லோஸின் மேல்கழுத்தைக் குழாயோடு இணைத்த வெல்டின் ஓரமாக 14 மில்லிமீட்டர் நீளத்துக்கு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. ராப் சுற்றியிருந்தவரை அதை எவராலும் பார்த்திருக்க முடியாது.

உரிமையாளர் டிக்கியிலிருந்து ஒரு சாக்குப்பையை எடுத்துத் தந்தார். பழைய பணிமனையில் கழற்றிய வெப்பக் கவசங்கள் மூன்றும் அதில் இருந்தன: கன்வெர்ட்டரை இரு பாதிகளாக அணைக்கும் ஓடு, ஃபயர்வாலை மறைக்கும் தகடு, ஆக்சில் ஜாயிண்டுக்கு மேலே குடைபோல் நிற்கும் உள்ளங்கை அளவான தகடு. அம்மைத் தழும்புபோல் குழிகள் அழுத்திய மெல்லிய அலுமினியத் தாள் இரண்டடுக்காக மடிக்கப்பட்ட தகடு அது. குழாயைப் பார்த்த முகம் பழுப்பேறி மங்கியிருந்தது. ஜாயிண்டைப் பார்த்த முகத்தில் 11 ஆண்டுகளுக்குப் பிறகும் என் கைவிளக்கு பளிச்சென்று தெரிந்தது. இத்தனை சிறிய தகடு என்ன செய்துவிடப்போகிறது என்று கேட்பவருக்கு அந்த இரண்டு முகங்களையும் காட்டினாலே போதும். புதிய குழாய் தடிமனாக இருந்ததால் ஓடு பொருந்தவில்லை. ஓட்டின் பிடிப்பில்தான் குடைத்தகடு மாட்டப்பட்டிருந்தது என்பதால் அதுவும் போயிற்று. அவற்றுக்கு ஈடாக ராப்பைச் சுற்றியிருந்தார்கள்.

அளவெடுத்த முறையும் அதில் உள்ள பொறியும்

குழாய் மாற்றிய அன்று, முந்தைய பணிமனையில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி, 'பாருங்கள், 190 டிகிரிதான் வருகிறது' என்று உரிமையாளருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. கருவி காட்டிய எண்ணையே சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கருவி பொருளின் வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. பொருள் வெளியிடும் கதிர்வீச்சை வாங்கி, அந்தப் பொருளின் உமிழ்திறன், அதாவது முழுக் கரும்பரப்போடு ஒப்பிட்டால் அது கதிர்வீசும் பங்கு, 0.95 என்று வைத்துக்கொண்டு வெப்பநிலையைக் கணிக்கிறது. கருத்த ரப்பருக்கும் பெயிண்ட் பூசிய பரப்புக்கும் இது சரியாக வரும். பளபளக்கும் எஃகின் உமிழ்திறன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. விரிசலைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, ராப் இல்லாத குழாயில் நாங்களும் அதே வகைக் கருவியால் அளந்தபோது 200-க்குக் கீழேதான் காட்டியது. அதே புள்ளியில் கே-வகை தெர்மோகப்பிளை (தொட்டு வெப்பநிலை அளக்கும் உணரி) கம்பியால் இறுக்கிக் கட்டி அளந்தபோது 430 டிகிரி. அதன் பக்கத்திலேயே வெப்பம் தாங்கும் கரும் பெயிண்டை ஒரு காசளவு பூசி அகச்சிவப்புக் கருவியைக் காட்டினோம். இரண்டும் ஏறத்தாழ ஒத்துவந்தன.

ஓட்டச் சோதனைக்கு நான்கு தெர்மோகப்பிள்களை வைத்தோம். ஒன்று குழாயின் மேற்பரப்பில். ஒன்று ஸ்டீயரிங் ராக் உறையில். ஒன்று மேலே உள்ள சென்சார் கனெக்டரில். இன்னொன்று ஆக்சில் பூட்டுக்கு 5 மில்லிமீட்டர் தள்ளி ஒரு பிடிப்பில். பூட் ஆக்சிலோடு சேர்ந்து சுழல்வதால் அதில் கம்பி கட்ட முடியாது. எனவே புதிய பூட் ஒன்றைப் போட்டு, அதன் சுற்றளவில் நான்கு இடங்களில், தாண்டிய வெப்பநிலைக்கேற்ப நிரந்தரமாகக் கறுத்துவிடும் வெப்பப் பட்டைகளை ஒட்டினோம். சோதனை முழுவதும் ஒருவர் தீயணைப்பானுடன் கூடவே இருந்தார். ராப்பைப் புதிதாகச் சுற்றி, பழைய பணிமனை விட்ட அதே நிலையில்தான் முதல் ஓட்டம்.

அந்தப் பட்டைகள்தான் இந்த ஆய்வின் முக்கியமான செய்தியைத் தந்தன. ஏற்றத்தில் 25 நிமிடம் ஓட்டும்போது பூட்டுக்கு அருகே 118 டிகிரி வந்தது. வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தோம். அடுத்த ஐந்து நிமிடங்களில் அது குறையாமல் 131-க்கு ஏறியது; மேலே உள்ள சென்சார் கனெக்டர் 152-ஐத் தொட்டது. எங்கள் தொழிலில் இதை ஹீட் சோக் என்போம். ஓடும்போது அடியில் பாயும் காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது; நின்றவுடன் அந்தக் காற்று நின்றுவிடுகிறது, ஆனால் குழாயும் கன்வெர்ட்டரும் டர்பைன் கூடும் சேர்த்துவைத்த வெப்பம் அப்படியே இருக்கிறது. அதோடு, ஓடும்போது பூட் சுழல்வதால் வெப்பம் அதன் சுற்றளவு முழுவதும் பகிர்ந்து விழுகிறது. நின்றதும் ஏதோ ஒரு பக்கம் மட்டும் குழாயைப் பார்த்தபடி நின்றுவிடுகிறது. கழற்றிப் பார்த்தபோது குழாயைப் பார்த்து நின்ற பக்கத்துப் பட்டையில் 132 டிகிரிக் கட்டம் கறுத்திருந்தது. நேரெதிர்ப் பட்டையில் 104 வரை மட்டுமே. ஆக்சில் பூட்டுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் செயற்கை ரப்பர், தொடர்ந்து 100 டிகிரியைத் தாண்டினால் வேகமாக முதுமையடையும். ஆறு வாரத்தில், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் வேறொரு பக்கம் வறுபட்டு வறுபட்டுத்தான் அது முறிந்திருக்கிறது.

இத்தனை வெப்பம் எங்கிருந்து வந்தது

புதிய குழாயில் கூடுதல் வெப்பம் உற்பத்தியாகவில்லை. என்ஜின் அதே என்ஜின்தான். மாறியது வெப்பம் போகும் வழி.

சூடான பொருள் வெளியிடும் கதிர்வீச்சு, அதன் தனி வெப்பநிலையின் (மைனஸ் 273 டிகிரி செல்சியஸைச் சுழியாக வைத்து எண்ணும் வெப்பநிலை) நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. கருத்த பரப்பு ஒன்று 300 டிகிரி செல்சியஸில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோவாட் வீசினால், 600 டிகிரியில் 33 கிலோவாட் வீசும். வெப்பநிலை இரட்டிப்பானதாகத் தோன்றும் இடத்தில் கதிர்வீச்சு ஐந்து மடங்குக்கு மேல் போகிறது. இந்த விதியின் முன்னால், குழாய்க்கும் ரப்பருக்கும் நடுவே நிற்கும் ஒரு மெல்லிய தகடுகூடப் பெரிய காரியம் செய்கிறது. ஒரே உமிழ்திறன் கொண்ட பரப்புகளுக்கு இடையே ஒரு கவசத்தை நிறுத்தினாலே கதிர்வழி வெப்பம் பாதியாகும். இரண்டு கவசம் நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்காகும். கவசம் பளபளக்கும் அலுமினியமாக இருந்தால் இன்னும் வெகுவாகக் குறையும். கழற்றி டிக்கியில் போட்ட அந்தக் குடைத்தகடு இரண்டடுக்கு அலுமினியம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது இடைவெளி. குழாயின் நடுக்கோடு மாறாமல் விட்டம் மட்டும் 16 மில்லிமீட்டர் கூடினால், இருபுறமும் 8 மில்லிமீட்டர் நெருங்கும். அதன்மேல் ஒன்றன்மீது ஒன்று ஏறிய ராப் மேலும் 4 மில்லிமீட்டர் எடுத்துக்கொண்டது. பூட்டுக்கும் குழாய்க்கும் நடுவே 34 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 22 மிஞ்சியது. ராக் உறையின் நிலை இன்னும் மோசம். ஆக்சிலின் உட்புற ஜாயிண்ட் கியர்பாக்ஸோடு சேர்ந்து அசைவதால், என்ஜின் ஆடினாலும் குழாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிதாக மாறாது. ஸ்டீயரிங் ராக், வண்டியின் அடிச்சட்டமான சப்ஃபிரேமில் நிலையாக இருப்பதால், என்ஜின் ஆடும் ஒவ்வொரு முறையும் குழாய் அதை நெருங்கி விலகுகிறது. கடப்பாரையால் என்ஜினை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தபோது குழாயின் அந்தப் பகுதி 12 மில்லிமீட்டர் ஆடியது. என்ஜினின் ஆட்டத்தை அடக்கும் கீழ் டார்க் மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தது. நிற்கும் வண்டியில் இடைவெளியை அளந்துவிட்டு 'போதும்' என்று சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ராப்பைப் பற்றி என் கருத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கவசம் பொருந்தாத இடத்தில் ராப் சுற்றுவது ஏறக்குறைய அனிச்சைச் செயலாகிவிட்டது. ராப் வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே அடைக்கிறது. புகை சூடாகவே ஓடுவதால் வெளியேறும் வேகம் கூடும் என்பது உண்மை. குழாயின் உலோகம் முன்பைவிட அதிகம் சூடாகும் என்பதும் உண்மை. 304 வகை எஃகு ஏறத்தாழ 425 முதல் 850 டிகிரி வரையிலான வரம்பில் நீண்ட நேரம் இருந்தால், அதிலுள்ள குரோமியம் கார்பனுடன் சேர்ந்து படிகங்களின் எல்லைகளில் படிந்துவிடும். அந்த எல்லைகள் துருவுக்கும் விரிசலுக்கும் இடம் கொடுக்கும். வெல்டின் ஓரம் ஏற்கெனவே இந்த வரம்பைக் கடந்து வந்த இடம். மழைநீரையும் சாலைச் சேற்றையும் ராப் உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டி வைத்திருக்கும், விரிசலை மறைக்கும், இந்த வண்டியில் பார்த்ததுபோல் கிரீஸையும் குடிக்கும். கன்வெர்ட்டரின் மேலும் பெல்லோஸின் மேலும் சுற்றியிருந்ததுதான் இதில் ஏற்கவே முடியாதது. கன்வெர்ட்டர் தானே வெப்பம் உண்டாக்கும் உறுப்பு; போர்த்தினால் அது தன் வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் போகும். பெல்லோஸ் நீண்டு சுருங்க வேண்டிய உறுப்பு. கட்டிப்போட்டால் அந்த அசைவு வேறெங்கோ வெல்டைத் தேடிப் போகும்.

விரிசல் விட்ட கழுத்து வெல்டின் உட்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கருத்து, பொரிந்து, சொரசொரப்பாக இருந்தது. வெல்டு செய்யும்போது குழாய்க்கு உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பாமல் விட்டால் உட்புற உலோகம் காற்றோடு எரிந்து இப்படித்தான் ஆகும். அதற்கு மேல், கியர்பாக்ஸிலிருந்து குழாயைத் தாங்கும் பிடிப்பு புதிய குழாயில் இல்லை. முழு எடையும் வி-பேண்டிலும் அந்தக் கழுத்திலும் தொங்கியது. நீட்சியும் கூடிப்போனது. தொழிற்சாலைக் குழாய்களில் பெரும்பாலும் பயன்படும் 409 போன்ற எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர் நீளும். 304 ஏறத்தாழ 17 நீளும். 70 சென்டிமீட்டர் குழாய் 600 டிகிரி சூடேறினால் முன்னது 4.6 மில்லிமீட்டரும் பின்னது 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேலும் வளரும். பின்பக்கக் குழாயோடு சேர்க்கும்போது பெல்லோஸை இழுத்துப் பிடித்து போல்ட் போட்டிருந்ததால், அந்த வளர்ச்சியை வாங்கிக்கொள்ள அதில் இடமே இருக்கவில்லை.

கிளாம்ப் தளர்ந்ததன் விளைவு ஸ்கேனரில் வேறு முகத்தோடு வந்தது. வண்டி நகராமல் என்ஜின் மட்டும் ஓடும் நடையற்ற வேகத்தில், கணினி கூட்டிக் குறைக்கும் பெட்ரோலைச் சொல்லும் எரிபொருள் திருத்த அளவு 9 சதவீதம் கூடுதலாகக் காட்டியது. வேகம் கூட்டினால் இயல்புக்கு வந்தது. புகை துடிப்புத் துடிப்பாக வருவதால், அழுத்தம் குறைந்த கணங்களில் கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். முதல் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று தவறாக எண்ணும். சுமை ஏறினால் உள்ளழுத்தம் எப்போதும் மேலோங்கியிருப்பதால் காற்று உள்ளே வராது. இன்ஜெக்டரை மாற்றச் சொல்லும் முன் கிளாம்பைப் பார்க்க வேண்டிய இடம் இது.

செய்த திருத்தங்கள்

பழைய விட்டத்துக்கே திரும்பிவிடலாமா என்று முதலில் யோசித்தோம். உரிமையாளருக்கு அதில் மனமில்லை. எங்களுக்கும் அது அவசியமாகத் தோன்றவில்லை. குழாய் முழுவதும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும் என்று விதி ஏதுமில்லை. புகை போகப்போகக் குளிர்கிறது. குளிரும் வாயு சுருங்குகிறது. 800 டிகிரியில் புறப்பட்ட புகை 650 டிகிரிக்கு வந்தால், அதன் கன அளவு தனி வெப்பநிலைக் கணக்கில் 86 சதவீதமாகிறது. 70 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு 76 மில்லிமீட்டர் குழாயில் 85 சதவீதம். எனவே டர்பைன் வாயிலிருந்து கன்வெர்ட்டர் வரை 76-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே ஆக்சிலையும் ராக்கையும் கடக்கும் பகுதியை 70-ஆகக் குறைத்து, வளைவையும் சற்று நகர்த்தினோம். ராப்பும் போனதால் பூட்டுக்கு இடைவெளி 36 மில்லிமீட்டர் ஆனது.

200 அறைக் கன்வெர்ட்டர் புகையைச் சுத்தப்படுத்துவதில் போதவில்லை. பி0420 கோடு திரும்பத் திரும்ப வந்தது. பின்பக்கச் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டு அதைப் புகையிலிருந்து தள்ளிவைத்தால் கோடு வராதே என்று உரிமையாளர் கேட்டார். மறுத்துவிட்டோம். கன்வெர்ட்டர் வேலை செய்யாதபோது சொல்லத்தான் அந்தச் சென்சார் இருக்கிறது. அதை ஏமாற்றுவது பல நாடுகளில் சட்டப்படிக் குற்றம் என்பதோடு, இந்த வண்டியின் முதல் கன்வெர்ட்டர் உருகியபோது எச்சரித்ததும் இதே அமைப்புதான். 400 அறைகள் கொண்ட, புகைத்தர அங்கீகாரம் பெற்ற உலோகக் கன்வெர்ட்டரை வெட்டிப் பொருத்தினோம். அடைப்பு சற்றுக் கூடியிருக்கும்; ஓட்டும்போது உணர முடியவில்லை.

வெல்டுகள் அனைத்தும் உள்ளே ஆர்கான் ஓடவிட்டுச் செய்யப்பட்டன. கியர்பாக்ஸ் பிடிப்பைப் புதிதாக அமைத்தோம். பின்பக்கச் சென்சாருக்கான திருகுவாயை, நீர் தேங்காதபடி கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரிக்கு மேல் உயர்த்தி, வயர் தளர்வாகப் போகும் பக்கம் வைத்தோம். வயரையும் சென்சாரோடு மாற்றினோம். டார்க் மவுண்ட் மாற்றப்பட்டது. குழாயைப் பொருத்தும்போது டர்போ பக்கத்தில் கிளாம்பைக் கையால் மட்டும் இறுக்கி, கியர்பாக்ஸ் பிடிப்பைச் சேர்த்து, பெல்லோஸ் தன் இயல்பு நீளத்தில் நிற்பதை அளந்து உறுதிசெய்த பிறகே பின்பக்க ஃபிளாஞ்சைச் சேர்த்தோம். எல்லாம் தாமாகப் பொருந்தி அமர்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் கைக்கு வந்தது.

கவசங்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. குழாயின் வெளிப்புறத்துக்கு வெப்பம் தடுக்கும் பீங்கான் பூச்சு கொடுத்தோம். பழைய ஓட்டைப் பயன்படுத்த முடியாததால், கன்வெர்ட்டருக்குப் புதிய ஓடு ஒன்றை அடித்துச் செய்தோம். உள்ளடுக்கு மெல்லிய துருப்பிடிக்காத எஃகு, வெளியடுக்கு அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதால் அது எங்கும் குழாயைத் தொடக்கூடாது. 10 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட்டு, எஃகுக் கால்களில் நிறுத்தினோம். ஓட்டின் மேலும் கீழும் மூடாமல் விட்டதால், சூடான காற்று மேலே எழ, குளிர்ந்த காற்று கீழிருந்து தானே நுழைகிறது. என்ஜின் அணைந்த பிறகும் நடப்பது இந்த ஓட்டம் ஒன்றுதான். ஃபயர்வால் தகடு பழைய இடத்துக்கே போனது. சாக்குப்பையிலிருந்த குடைத்தகட்டைத் துடைத்து, கியர்பாக்ஸ் பிடிப்பில் ஒரு காது வெல்டு செய்து, ஆக்சில் ஜாயிண்டின்மேல் மறுபடி நிறுத்தினோம். ராக் உறைக்கு மட்டும் கவசத்தை என்ஜின் பக்கம் கட்டாமல் சப்ஃபிரேமில் கட்டினோம். காக்கப்படும் பொருள் நிலையாக நின்றால் கவசமும் அதோடு நிலையாக நிற்க வேண்டும்.

டர்போ உண்டாக்கும் பூஸ்ட் அழுத்தத்தையும் விட்டுவிடவில்லை. பின்னழுத்தம் குறைந்ததால், புகையில் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் திறந்த பிறகும் டர்பைன் வேகம் கட்டுக்குள் வராமல், கேட்ட அழுத்தத்தைவிட 0.18 பார் மேலே போய்க்கொண்டிருந்தது. மென்பொருளில் வேஸ்ட்கேட் கட்டுப்பாட்டைத் திருத்தியபின் அது 0.05-க்குள் அடங்கியது.

திருத்தத்துக்குப் பின்

பூச்சு வேகும்வரை முதல் சில ஓட்டங்கள் மெதுவாகவே நடந்தன. மூன்று முறை சூடாகிக் குளிர்ந்த பிறகு வி-பேண்டையும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கினோம். வி-பேண்ட் நட் கால் சுற்றுக்குமேல் வாங்கியது. பிறகு அதே ஏற்றத்தில், வெளிவெப்பம் முந்தைய நாளோடு 2 டிகிரிக்குள் ஒத்திருந்த ஒரு நாளில், அதே 25 நிமிடம் ஓட்டினோம். பூட்டுக்கு அருகே ஓடும்போது 84 டிகிரி. நிறுத்திய பின் உச்சம் 92. சென்சார் கனெக்டர் 152-லிருந்து 104-க்கு இறங்கியது. எரிபொருள் திருத்த அளவு நடையற்ற வேகத்தில் 2 சதவீதம். பி0420 வரவில்லை.

கனெக்டரின் 104 டிகிரி எனக்கு இன்னும் நிறைவு தரவில்லை. அந்த உறுப்பு தாங்கும் வரம்புக்குள்தான் இருக்கிறது என்றாலும், தொழிற்சாலை நிலையில் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று ஒப்பிட, குழாய் மாற்றும் முன்பு எடுத்த அளவு எதுவும் கையில் இல்லை. இப்போது டவுன்பைப் மாற்ற வரும் ஒவ்வொரு வண்டியிலும், ஒரு ஸ்பேனரைத் தொடும் முன்பே வெப்பப் பட்டைகளை ஒட்டி ஒரு வாரம் ஓட்டச் சொல்கிறோம். ஆறு மாதம் கழித்து இந்த வண்டி எண்ணெய் மாற்ற வந்தபோது, பூட்டின் மடிப்புகளை விரலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கி எழும்பின. அப்போது ஒட்டிவிட்ட பட்டைகளில் 93 டிகிரிக் கட்டம் நான்கு பக்கமும் வெளுப்பாகவே இருந்தது.